சுகரும் மார்பகப் புற்றுநோயும் சேர்ந்து வந்தால்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலத்தில் இருக்கிறேன், வயது 58. சுகர் வந்து 15 வருடம், மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து 3 வருடம். இடது பக்கம் ஆபரேஷன் செய்து அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அப்புறம் கீமோ: மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிவப்பு மருந்து என்று சொல்வது 4 தடவை, வாரம் ஒரு முறை பேக்லிடாக்சல் என்ற மருந்து 12 தடவை. கடைசியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. அன்றிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று உசிலம்பட்டி முதல் மேலூர் வரை பலர் ஃபோன் செய்கிறார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஒரு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ என் பேச்சைக் கேட்காதீர்கள். டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும், எப்போது பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இந்த இரண்டும் எனக்குத் தெரியும்.

காலையில் பார்த்தால் 130. கீமோ ஏற்றிவிட்டு வந்த ராத்திரி 380 காட்டுது. மெஷின் கெட்டுப்போச்சா அக்கா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. கீமோவுக்கு முன்னால் ஒரு சின்ன ஊசி போடுகிறார்களே, அதில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். வாந்தியைத் தடுப்பதற்கும், பேக்லிடாக்சல் ஒவ்வாமல் போய் உடம்பு தடித்து மூச்சு அடைக்காமல் இருப்பதற்கும் அதைப் போடுகிறார்கள். டோசிடாக்சல் ஏற்றுகிறவர்களுக்கு முந்தின நாளே தொடங்கி 3 நாள் மாத்திரையாகக் கொடுப்பது வழக்கம். ஸ்டீராய்டு உள்ளே போனால் ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் அள்ளிக் கொட்டும், இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்காது. காலையில் போட்டது மத்தியானத்துக்கு மேல் வேகம் பிடித்து ராத்திரி வரை நிற்கும். விடியும்போது ஓரளவு இறங்கியிருக்கும். வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான்.

எனக்கு இதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. முதல் கீமோவுக்கு மறுநாள் சாயங்காலம் நாக்கு வறண்டு, மணிக்கு நாலு தடவை பாத்ரூம் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போனால், “என்னம்மா, ஸ்வீட் சாப்பிட்டீங்களா?” என்று ஒரு நர்ஸ் கேட்டார். என் மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அன்று முழுக்க எனக்குள்ளே போனது ஒன்றரை இட்லியும் மோரும். இருந்தும் திருடித் தின்று மாட்டிக்கொண்டவள் போலத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது கீமோவுக்குப் பிறகுதான் சுகர் டாக்டர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, “இது சாப்பாடு இல்லம்மா, ஸ்டீராய்டு” என்றார்.

கீமோ அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் நாலு வேளை பாருங்கள்: வெறும் வயிற்றில், மத்தியானம் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, ராத்திரி சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது. அடுத்தடுத்து இரண்டு தடவை 300-ஐத் தாண்டினால் டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். அதோடு வாந்தியோ மூச்சு வாங்கலோ தூக்கக் கலக்கமோ இருந்தால் ஃபோன் செய்து நேரத்தை ஓட்டாமல் நேரே கிளம்புங்கள். ஸ்டீராய்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைக் குறைக்க வழி இருக்கிறதா என்று கேட்கலாம். சிலருக்குக் குறைப்பார்கள்.

புற்றுநோய் டாக்டர் ஓரிடம், சுகர் டாக்டர் வேறிடம். யாரிடம் எதைக் கேட்பது?

அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பேசிக்கொள்ளவில்லை. கோபம் வந்தது. ஆனால் வெளியில் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அந்தக் கோபம் எங்கே நிற்கும்? நடுவில் தபால்காரர் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கம் சுகர்: தேதி, நேரம், அளவு, சாப்பிட்டது. வலது பக்கம் கீமோ: மருந்தின் பெயர், எத்தனையாவது தடவை, ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், வாந்தி, காய்ச்சல். ஸ்டீராய்டு போட்ட நாட்களுக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். அவ்வளவுதான். பக்கத்தைப் புரட்டினதும் வட்டம் போட்ட நாளெல்லாம் ராத்திரி 300-க்கு மேல் என்பது யார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். ஃபைல் முழுக்க ரிப்போர்ட் கொண்டுபோய்க் கொட்டியபோது கிடைக்காத கவனம் அந்த நோட்டுக்குக் கிடைத்தது.

முதல் கீமோவுக்கு முன்பே புற்றுநோய் டாக்டரிடம், எந்தெந்த நாளில் எவ்வளவு ஸ்டீராய்டு என்று எழுதி வாங்குங்கள். அதைச் சுகர் டாக்டரிடம் கொடுத்து இரண்டு விஷயம் எழுதி வாங்குங்கள்: சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எந்த அளவுக்குக் கீழே போனால் இன்சுலினை எவ்வளவு குறைப்பது. வாயால் சொன்னது வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துபோகும்.

மாத்திரையில் இருந்தவளை இன்சுலினுக்கு மாற்றுகிறார்கள். இனி ஆயுசுக்கும் ஊசிதானா?

பெரும்பாலும் இல்லை. ஸ்டீராய்டு தூக்கிவிடும் சுகரை மாத்திரையால் பிடிப்பது கஷ்டம். அதனால் கீமோ நாட்களுக்கு மட்டும் காலையில் ஊசி சேர்ப்பார்கள். பால் போலக் கலங்கலாக இருக்கும் இன்சுலினைக் காலையில் போட்டால், ஸ்டீராய்டு ஏறும் நேரமும் அது வேலை செய்யும் நேரமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஊசியை வயிற்றில் போட்டுக்கொள்ளுங்கள், ஆபரேஷன் செய்த பக்கக் கையில் வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் எங்கே வைப்பது என்றும் கேட்கிறார்கள். சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் டப்பாவில் மூடிய மருந்துக் குப்பி. மணலில் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தால் போதும். ஃப்ரிட்ஜ் இருப்பவர்கள் ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

வாந்தி நிற்கவில்லை, ஒரு வாய் இறங்கவில்லை. சுகர் மாத்திரையை வழக்கம்போல் போடலாமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். “மாத்திரையை மட்டும் விடவே கூடாது” என்று வருடக்கணக்காக நம் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். கீமோ நாட்களில் அந்த நல்ல பழக்கமே ஆளைக் கவிழ்த்துவிடும்.

கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். வெறும் வயிற்றோடு அதைப் போட்டுப் படுத்தால் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். மெட்ஃபார்மின், வாந்தி பேதியில் உடம்பில் தண்ணீர் வற்றிக் கிட்னி தளரும்போது ரத்தத்தில் அமிலத்தைச் சேர்த்துவிடக்கூடும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்று சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும் மாத்திரைகளில் வேறு ஓர் ஆபத்து: மெஷினில் 180, 200 என்று சாதாரணமாகக் காட்டும்போதே உள்ளே கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஆளைச் சாய்த்துவிடும். சாப்பிட முடியாத நாளில் இந்த மூன்று வகையையும் பெரும்பாலும் நிறுத்தித்தான் வைக்கச் சொல்வார்கள். உங்கள் மாத்திரை எந்த வகை என்பதை அட்டையில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். இன்சுலின் போடுபவர்களுக்கு வழி வேறு: நாள் முழுக்க வேலை செய்யும் ஊசியை, சாப்பிடவில்லையே என்று அடியோடு விட்டுவிடக் கூடாது. அளவைக் கேட்டுக் குறைக்க வேண்டும்.

70-க்குக் கீழே போனால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறினபின் ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாத்திரையில் வோக்ளிபோஸ் சேர்ந்திருந்தால் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் ஏறாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். நம் பக்கம் பல பேர் அந்தக் கலவை மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார்கள், ஆனால் வீட்டில் குளுக்கோஸ் டப்பா இருக்காது. இன்றைக்கே வாங்கிச் சாமி அலமாரியில் வையுங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ட்ரிப் ஏற்றியே ஆக வேண்டும்.

சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனியாமே. சோற்றையே விட்டுவிட்டால் கட்டி பட்டினியில் சாகாதா?

சாகாது. நீங்கள்தான் மெலிவீர்கள். உடம்பில் எல்லா அணுவும் குளுக்கோஸை எரிக்கிறது. நாம் சாப்பிடாவிட்டால் ஈரலே அதைத் தயாரித்துக் கொடுத்துவிடும், கட்டிக்கு மட்டும் கதவைச் சாத்த முடியாது. எடை குறைந்து, வெள்ளை அணுவும் குறைந்து, “இந்த வாரம் ஏற்ற முடியாது, அடுத்த வாரம் வாங்க” என்று திருப்பி அனுப்பினால் அதுதான் நஷ்டம். சுகரைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய காரணமே வேறு: புண் ஆறவும், கிருமி தொற்றாமல் இருக்கவும், கீமோ தேதி தள்ளிப்போகாமல் இருக்கவும்.

அடுத்த கட்சி நேர் எதிர். “ரத்தம் ஊறும்” என்று மாதுளை ஜூஸ், பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். என் வீட்டில் ஒரு சமயம் ஆப்பிள் மட்டும் மூன்று பை இருந்தது. பழத்தைப் பழமாகக் கடித்து அரைப் பங்கு சாப்பிடலாம். ஜூஸாக்கினால் சுகர் ஒரே தாவாகத் தாவும். கேப்பைக் கூழிலும் பலர் ஏமாறுகிறார்கள். கேப்பை சுகருக்கு நல்லது என்று இரண்டு சொம்பு குடிப்பார்கள். நைசாக அரைத்துக் கரைத்த கூழ் வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். அதையே களியாகக் கிண்டி, கீரைக் குழம்போடு ஓர் உருண்டை சாப்பிடுங்கள், வித்தியாசம் மெஷினிலேயே தெரியும்.

நாக்கு செத்துப்போன நாட்களில் எனக்கு இறங்கியது: அவித்த முட்டை, பாசிப்பருப்புக் கடைசல், காரம் போடாத அயிரை மீன் குழம்பு. மல்லிகைப்பூ வாசனைகூடக் குமட்டியது. மதுரைக்காரி இதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ரோட்டுக் கடையில் வெட்டி வைத்த பழமும் சர்பத்தும் கீமோ முடியும் வரை வேண்டாம், காய்ச்சாத தண்ணீரும் ஐஸும் வயிற்றைக் கெடுக்கும்.

ஜிகர்தண்டா?

ஆறு மாதம் பொறுங்கள் தாயி.

பாகற்காய் ஜூஸ், ஆவாரம்பூ கஷாயம், மஞ்சள் மாத்திரை?

சமையலில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். மருந்தாகக் குடிக்கும்போதுதான் பிரச்சினை: சுகரை இறக்கும் கஷாயமும் சுகர் மாத்திரையும் சேர்ந்தால் சுகர் ரொம்ப இறங்கி லோ ஆகலாம், சில சரக்கு ஈரலைச் சிரமப்படுத்தும், கீமோ மருந்தையும் அதே ஈரல்தான் கழிக்க வேண்டும். குடிப்பதாக இருந்தால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் லேசாகத்தான் இருக்கு. ஒரு பாராசிட்டமால் போட்டுக் காலையில் போகலாமா?

வேண்டாம். ஃபோனில் நான் குரலை உயர்த்துவது இந்த ஒரு கேள்விக்குத்தான். கீமோ போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளை அணு ரொம்பக் குறைந்திருக்கும். சுகர் இருப்பவர்களுக்குக் கிருமியோடு சண்டை போடும் சக்தி அதற்கு முன்பே கொஞ்சம் குறைச்சல். 100.4 டிகிரி காட்டினால் அது அவசரம், ராத்திரி 2 மணியானாலும் சரி. பாராசிட்டமால் போட்டால் சூடு இறங்கும், உள்ளே கிருமி பரவிக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டு நாட்களில் காய்ச்சலே தெரியாமலும் இருக்கலாம், ஆகவே குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் கிளம்புங்கள். போனதும் முதல் வார்த்தையாக “கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சு” என்று சொல்லுங்கள், டோக்கன் வரிசையில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

தெர்மாமீட்டர் இல்லாமல் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. எழுமலை, பேரையூர் பக்கம் இருப்பவர்கள் ராத்திரியில் எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதை அந்த ஒரு வருஷம் டிவியில் பாருங்கள்.

வாய் முழுக்கப் புண்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து நாலைந்து வேளை கொப்பளியுங்கள். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது காளான் தொற்று, சுகர்காரர்களுக்குச் சீக்கிரம் வரும். டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

காலில் செருப்பு இருக்கா இல்லையா என்றே தெரியவில்லை. சுகராலா, கீமோவாலா?

இரண்டும் சேர்ந்துதான். சுகர் வருடக்கணக்கில் நரம்பை அரிக்கிறது, பேக்லிடாக்சல் சில வாரத்தில் அதையே செய்கிறது. ஏற்கெனவே பாதம் எரிகிறவர்கள் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் மரமரப்பு அதிகமானாலும், சட்டை பட்டன் போட விரல் தடுமாறினாலும் உடனே சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், மருந்தையே மாற்றலாம். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு 12-ஐயும் முடிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. நரம்பு கெட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லை.

நான் பொறுத்துக்கொண்டவள். ஒன்பதாவது வாரம், உடம்பு கொஞ்சம் தேறினாற்போல் இருக்கிறதே என்று மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். பகல் 12 மணி, பங்குனி வெயில், ஆடி வீதிக் கல்லில் எல்லாரும் குதித்துக் குதித்து ஓடுகிறார்கள், நான் மட்டும் நிதானமாக நடக்கிறேன். எனக்குச் சுடவில்லை. அம்பாள் கருணை என்றுகூட நினைத்தேன். ராத்திரி பேத்தி காலைப் பிடித்துவிடும்போது, “ஆச்சி, கொப்புளம்” என்றாள். உள்ளங்காலில் நெல்லிக்காய் அளவு. அது ஆற ஆறு வாரம் ஆனது, அதற்குள் ஒரு கீமோ தள்ளிப்போனது.

கோயிலுக்குப் போவதென்றால் விடியற்காலையில் போங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். ராத்திரி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வெந்நீர் சூட்டை முழங்கையால் பாருங்கள், காலை விட்டுப் பார்க்காதீர்கள்.

ஆபரேஷன் செய்த பக்கக் கையில் சுகர் குத்திப் பார்க்கலாமா?

மறு கை விரலில் குத்துங்கள். அக்குளில் நெறிக்கட்டியை எடுத்தபின் அந்தக் கையில் நிணநீர் ஓட வழி குறைவு. சின்னக் காயத்தில் கிருமி புகுந்தாலும் கை சிவந்து வீங்கும், சுகர் இருந்தால் அது வேகமாகப் பரவும். ரத்தம் எடுக்கவும் பிரஷர் பார்க்கவும் முடிந்தவரை மறு கையை நீட்டுங்கள். மல்லிகை பறிக்கப் போகிறவர்கள், பருத்திக் காட்டு வேலைக்காரர்கள் அந்தக் கைக்கு முழுக்கை சட்டை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இறுக்கமான வளையலைக் கழற்றிவிடுங்கள். கையை அசைக்காமல் வைப்பதும் தப்பு, சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் சுகர் எவ்வளவு இருக்கணும்?

ஆபரேஷன் சமயத்தில் 180-க்குக் கீழே இருப்பதைத்தான் பெரும்பாலும் விரும்புகிறார்கள். கூடுதலாக இருந்தால் இன்சுலின் போட்டுச் சில நாளில் இறக்கிவிடுவார்கள், அதைச் சாக்காக வைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். எம்பாகிளிஃபுளோசின் வகை மாத்திரையை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

பெட் ஸ்கேன், மூன்று மாத சுகர் டெஸ்ட்?

புற்றுநோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்குச் சுகர் 200-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள், இல்லாவிட்டால் படம் தெளிவாக வராமல் திருப்பி அனுப்பிவிடக்கூடும். மெட்ஃபார்மின் குடலில் பளிச்சென்று தெரியும் என்று சிலர் 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தேதி வாங்கும்போதே கேளுங்கள், காலை முதல் ஸ்லாட் கேளுங்கள். எச்பிஏ1சி என்ற மூன்று மாத டெஸ்டைக் கீமோ சமயத்தில் அப்படியே நம்ப முடியாது. ரத்தசோகை வந்தாலோ ரத்தம் ஏற்றினாலோ அந்தக் கணக்கு பிசகும். தினமும் குத்திப் பார்த்து எழுதியதுதான் உண்மை.

செலவுக்கு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், கீமோ, கரண்ட், ஆபரேஷன் எல்லாம் அதில் வரும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் அதன் பாலரெங்காபுரம் புற்றுநோய்ப் பிரிவிலும் பார்க்கலாம், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993. சுகர் மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பெயர் பதிந்தால் வீட்டுக்கே வரும். கையைக் கடிப்பது மெஷின் ஸ்ட்ரிப் செலவுதான். நான் கீமோ நாட்களில் நாலு வேளை, மற்ற நாட்களில் ஒரு வேளை என்று டாக்டரிடம் கேட்டுக் குறைத்துக்கொண்டேன்.

முடி?

கொட்டும், முளைக்கும். என்னைப் பார்த்தவர்கள் “பழநிக்கா, அழகர்கோயிலுக்கா?” என்று கேட்டார்கள். ஒவ்வொரு நாள் ஒவ்வொரு கோயில் சொன்னேன்.

கீமோ முடிந்துவிட்டது. இனி பழைய சுகர் மாத்திரைக்கே போகலாமா?

இதைக் கடைசி கீமோவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு நின்றதும் சுகர் இறங்கும், இன்சுலின் மட்டும் அதே அளவில் ஓடினால் லோ ஆகிவிடும். எனக்குக் கடைசி பேக்லிடாக்சலுக்கு நாலாம் நாள் விடியற்காலை 54. முடிந்துவிட்டதே என்று நோட்டு எழுதுவதை நிறுத்திய வாரம் அது. பிறகு இன்சுலினைப் படிப்படியாகக் குறைத்து, மூன்று வாரத்தில் நிறுத்தினார்கள்.

இப்போது புற்றுநோய் திரும்பாமல் இருக்க லெட்ரசோல் மாத்திரை தினமும் ஒன்று. மூட்டு வலிக்கும், எலும்பு தேயும், அதனால் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். டிராஸ்டுசுமாப் ஊசி போடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுப்பதைத் தவறவிடாதீர்கள், சுகர் ஏற்கெனவே இதயத்தில் கைவைத்திருக்கும். மறுபக்க மார்புக்கு வருடம் ஒரு மேமோகிராம், சுகருக்காகக் கண், கிட்னி, கால். இவை எல்லாவற்றையும் பொங்கல் முடிந்த வாரத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். மகன் அப்போது லீவில் வருவான், வண்டிக்கு ஆள் தேட வேண்டாம்.